சொல்லற்ற இசையும் சொந்த மண்ணும்
யான் தியெர்சனின் ‘கெர்பெர்’ இசைத்தட்டு பற்றிய ஒரு நோக்கு

சொல் இல்லாத இசைக்குச் சமுதாயச் சார்பு கிடையாது என்னும் கருத்து நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. பாட்டிலே சொல் உண்டு. சொல்லிலே பொருள் உண்டு. பொருளிலே சார்பும் உண்டு. ஆனால், பியானோவின் கட்டையை ஒரு விரல் அழுத்தும்போது எழும் ஒலியில் யாருடைய குரலைக் கேட்பது, எந்த மக்களின் துயரைக் காண்பது என்று வினவுவோர் பலர். கலை கலைக்காகவே என்போர் இவ்வினாவைத் தமக்கு அரணாகக் கொள்வர். முற்போக்காளருட் சிலரோ இதே வினாவைக் காரணங்காட்டி வாத்திய இசை முழுவதையும் ஓய்வுள்ளோரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவர். இரு சாராரும் எதிர்த்திசைகளிற் புறப்பட்டாலும் வந்து சேருமிடம் ஒன்றே. வாத்திய இசையைப் பற்றிச் சமுதாய நோக்குடைய விமர்சகன் பேசவேண்டியது எதுவுமில்லை என்பதே அந்த இடம்.

இம்முடிவு தவறானது என்பதை ஒரு குறிப்பிட்ட படைப்பைக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பிரெஞ்சு நாட்டு இசைஞர் யான் தியெர்சன் 2021ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் வெளியிட்ட ‘கெர்பெர்’ என்ற இசைத்தட்டே அப்படைப்பு. ஏழு உருப்படிகள் கொண்ட இத்தட்டில் பாட்டில்லை. பியானோவும், அதனைச் சூழ்ந்து மின்னணுக் கருவிகள் எழுப்பும் ஒலிகளுமே உள்ளன. கடைகளிலும் இணையத்திலும் இதனை ‘நவசெவ்வியல்’ என்று வகைப்படுத்துகின்றனர். நாட்டாரிசையின் சாயல் உண்டென்றும் மின்னணு இசை உண்டென்றும் கூறுகின்றனர். மூன்று பெயர்களும் ஓரளவுக்குப் பொருந்துவனவே. ஆயினும், ஒரு படைப்பின் கூறுகளைப் பட்டியலிடுவது அதனை விளங்கிக்கொள்வதாகாது. அக்கூறுகள் ஏன் கூடின, எவ்விடத்திற் கூடின, கூடியதனால் யாருக்கு என்ன நேர்ந்தது என்பவையே நமது வினாக்கள்.

தியெர்சன் 1970ஆம் ஆண்டு பிரெத்தாஞ் பகுதியின் மேற்கு முனையிலுள்ள பிரெஸ்ற் துறைமுக நகரிற் பிறந்தவர். இளமையிலேயே பியானோவும் வயலினும் முறையாகக் கற்றவர். உலகம் அவரை அறிந்தது 2001ஆம் ஆண்டிலே வெளியான ‘அமெலி’ என்ற திரைப்படத்தின் மூலமாகும். பாரிசு நகரின் மொன்மார்த்துப் பகுதியை வண்ண அஞ்சலட்டை போலக் காட்டிய அப்படம் கோடிக்கணக்கான மக்களைக் கவர்ந்தது. அதில் ஒலித்த அக்கோடியனும் பியானோவும் அன்று முதல் ‘பாரிசின் இசை’ என்றே உலகெங்கும் அறியப்பட்டன.

இங்கே ஓர் உண்மையை நாம் கவனித்தல் வேண்டும். அப்படத்தின் இசையிற் பெரும்பகுதி படத்திற்கென இயற்றப்பட்டதன்று. தியெர்சன் முன்னரே வெளியிட்டிருந்த தட்டுகளிலிருந்து எடுத்துச் சேர்க்கப்பட்டது. அவற்றுள் ஒன்று 1998இல் வெளிவந்த ‘கலங்கரை விளக்கம்’ என்று பொருள்படும் தட்டு. அது பாரிசிலே பிறந்ததன்று. பிரெத்தாஞ்சின் மேற்குக் கரைக்கு அப்பால் அத்திலாந்திக் கடலிலே கிடக்கும் உவெசான் தீவிற் சில காலம் தங்கி, அங்குள்ள கிரெயாக் கலங்கரை விளக்கத்தின் ஒளியை இரவுதோறும் பார்த்திருந்ததன் விளைவு அது. விளிம்பிலே பிறந்த இசை மையத்தின் அலங்காரமாகிவிட்டது. தலைநகரம் தன்னைத்தானே அழகு பார்க்க ஒரு கண்ணாடி வேண்டியிருந்தது. அந்தக் கண்ணாடியின் சட்டத்தை எங்கோ ஒரு தீவிலிருந்து எடுத்துக்கொண்டது. இதில் எவருடைய சதியும் இருந்ததாக நாம் கூறவரவில்லை. சந்தையின் இயல்பே அது. பொருள் எங்கே விளைந்தது என்பதை மறக்கச் செய்வதிலேயே அதன் திறமை தங்கியுள்ளது.

‘கெர்பெர்’ தட்டினை இம்மறதிக்கு எதிரான ஒரு முயற்சியாகக் கொள்ளுதல் தகும். தியெர்சன் பின்னர் அதே உவெசான் தீவிலேயே குடியேறினார். தீவின் பிரெத்தோன் மொழிப் பெயர் ‘எயுசா’. 2016ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட பியானோத் தட்டின் பெயரும் அதுவே. அத்தட்டின் உருப்படிகள் பல தீவின் இடங்களின் பெயர்களைத் தாங்கியவை. அவ்விடங்களிற் பதிவுசெய்த இயற்கையொலிகளும் அதிற் சேர்க்கப்பட்டன. எனினும், பியானோ இலண்டன் மாநகரின் புகழ்பெற்ற ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றிலேயே பதிவாயிற்று. அதன்பின் தீவிலே கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு நடன விடுதியை அவர் ஒலிப்பதிவுக் கூடமாகவும், ஊரார் கூடும் அரங்காகவும் மாற்றியமைத்தார். ‘எஸ்கால்’ என்பது அதன் பெயர். 2019இல் வந்த ‘எல்லாம்’ என்னும் தட்டும், அதன்பின் வந்த ‘கெர்பெர்’ தட்டும் அங்கே உருவானவை. இசையின் கருப்பொருள் தீவிலிருந்து வந்தது மட்டுமன்று. அதனை உற்பத்திசெய்யும் கருவிகளும் தீவுக்கு வந்து சேர்ந்தன. இது சிறு செய்தியன்று. எழுத்தாளன் ஊரைப் பற்றி எழுதுவது வேறு. அச்சகத்தையே ஊருக்குக் கொண்டுவருவது வேறு.

அந்தத் தீவு எத்தகையது? பரப்பிலே ஏறத்தாழ 15 சதுர கிலோமீற்றர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இரண்டாயிரம் பேருக்கு மேல் வாழ்ந்த அவ்விடத்தில் இன்று ஆயிரம் பேர்கூட இல்லை. வீடுகளிற் கணிசமான பகுதி வெளியூராரின் விடுமுறைக்கால இல்லங்கள். ஆடவர் கடற்படையிலும் வணிகக் கப்பல்களிலும் தொழில்தேடிச் செல்ல, பெண்களே சிறுசிறு நிலத்துண்டுகளைக் கொத்திப் பயிரிட்டு ஊரைக் காத்த வரலாறு அதற்கு உண்டு. கடலில் மாண்டு உடல் கிடைக்காதோருக்காக, மெழுகினாலே ஒரு சிறு சிலுவை செய்து, அதனையே உடலாகக் கருதி வீட்டிலே வைத்து இரவு முழுவதும் விழித்திருந்து, மறுநாள் தேவாலயத்துக்கு ஊர்வலமாக எடுத்துச் செல்லும் வழக்கம் அங்கிருந்தது. ‘புரொவெல்லா’ எனப்பட்ட இச்சடங்கு கடைசியாக நிகழ்ந்தது 1962ஆம் ஆண்டிலாகும். தீவைச் சுற்றிய கடல் உலகின் பெருங் கப்பற்பாதைகளுள் ஒன்று. 1978ஆம் ஆண்டு மார்ச்சு 16ஆந் திகதி, எண்ணெய் ஏற்றிச்சென்ற ‘அமொக்கோ கடிஸ்’ என்ற கப்பல் அத்தீவுக்கு அண்மையிலே சுக்கான் பழுதுற்று, போர்த்சால் கரையருகே பாறையில் மோதி உடைந்தது. இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான தொன் எண்ணெய் கடலிற் கலந்தது. உலக வணிகத்தின் இலாபம் அந்தக் கரையைக் கடந்து செல்லும். அதன் கழிவு அந்தக் கரையிலே தங்கும்.

இத்தகைய மண்ணிலிருந்து எழுந்த இசை எப்படி இருக்கின்றது என்று நோக்குவோம். சிறியதொரு பியானோச் சொற்றொடர் தொடங்குகின்றது. அது எளிமையானது, ஒருமுறை கேட்டவர் மறுமுறை முணுமுணுக்கத்தக்கது. அது திரும்பத் திரும்ப வருகின்றது. ஆனால், ஒவ்வொரு முறையும் அதனைச் சூழ்ந்துள்ள வெளி மாறுகின்றது. பியானோவின் ஒலியையே மூலப்பொருளாகக் கொண்டு, அதனைத் துண்டித்தும் நீட்டியும் கனப்படுத்தியும் மின்னணுக் கருவிகள் பின்னணியொன்றை நெய்கின்றன. மூடுபனியிலே ஒரு வீடு தெரிவதும் மறைவதும் போலப் பியானோ அதனுள் அமிழ்ந்து மீண்டும் எழுகின்றது. உச்சத்தை நோக்கி விரையும் ஆவேசம் இங்கில்லை. ஆலாபனையின் விரிவுமில்லை. ஓரிடத்தில் நின்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பவனின் பொறுமையே இந்த இசையின் அடிப்படைக் குணம்.

மின்னணுக் கருவி என்றவுடன் இயந்திரமயம், ஆன்மாவின் அழிவு என்றெல்லாம் புலம்புவோர் உளர். கருவியிற் குற்றமில்லை, அதனைக் கையாளும் உறவிலேயே எல்லாம் தங்கியிருக்கின்றது. 1948ஆம் ஆண்டிலே பாரிசு வானொலி நிலையத்திற் பணியாற்றிய பியேர் ஷெபெர் என்ற பொறியியலாளர், புகையிரதங்களின் ஓசையைத் தட்டிலே பதிந்து, அவ்வோசைகளைத் தொடுத்தே ஓர் இசைப்படைப்பை ஆக்கினார். உழைக்கும் உலகின் ஓசை இசைமண்டபத்திற் புகுந்த வழிகளுள் அதுவும் ஒன்று. அதற்கும் முன்னர், 1906ஆம் ஆண்டளவிலே ஹங்கேரிய இசையறிஞர் பேலா பார்ட்டோக், எடிசனின் ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்துகொண்டு கிராமங்களுக்குச் சென்று குடியானவர் பாடல்களைப் பதிவுசெய்தார். அக்கருவி இல்லையேல் அப்பாடல்களிற் பல இன்று நமக்கு இல்லை. ஆகவே, நாட்டாரிசையும் இயந்திரமும் பகைவர்கள் என்பது பட்டணத்தாரின் கற்பனை.

பார்ட்டோக்கின் பெயரைச் சொன்னமையால் அவரது ஒரு கருத்தையும் இங்கு நினைவுகூர்தல் பொருத்தமானது. குடியானவர் இசை நவீன இசைஞனிடம் மூன்று படிகளிலே செயற்படலாம் என்று அவர் விளக்கினார். முதற்படியில் அவன் நாட்டார் மெட்டினை எடுத்து அதற்குத் துணையிசை அமைக்கின்றான். இரண்டாம்படியில் அம்மெட்டுகளைப் போலத் தானே ஒன்றைப் புனைகின்றான். மூன்றாம்படியில் மெட்டுமில்லை, போலியுமில்லை; குடியானவர் இசை அவனுக்குத் தாய்மொழியே ஆகிவிட, அதன் வளிமண்டலம் அவனது படைப்பெங்கும் பரவி நிற்கின்றது.

இவ்வளவுகோலைக் ‘கெர்பெர்’ மீது வைத்துப் பார்க்கும்போதே மெய்யான விமர்சனம் தொடங்குகின்றது. பிரெத்தோன் மக்களிடம் வளமானதொரு நாட்டாரிசை உண்டு. ‘குவெர்ஸ்’ எனப்படும் கதைப்புலம்பல்கள் உண்டு. கப்பலழிவும் கொலையும் கொள்ளைநோயும் அவற்றின் பொருள்கள். ‘கான் ஹ தீஸ்கான்’ எனப்படும் முறையும் உண்டு. ஒருவர் ஓர் அடியைப் பாட, மற்றவர் அதன் கடைசி அசைகளிலேயே உடன் புகுந்து அவ்வடியைத் திரும்பப் பாடுவார். முதலாமவர் அதன் இறுதியிற் புகுந்து அடுத்த அடியைத் தொடங்குவார். மூச்சு விடுவதற்கு இடைவெளியின்றிப் பாட்டு ஓடும். ஊரார் கைகோத்து ஆடுவர். உழைத்துக் களைத்தோர் ஒருவர் மூச்சை ஒருவர் தாங்கிப் பாடும் பாட்டு அது. ‘பெஸ்ற் நோஸ்’ எனப்படும் அந்த இராக்கூத்து 2012ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது.

தியெர்சனின் தட்டிலே இம்மெட்டுகளைத் தேடுவோர் ஏமாற்றமடைவர். முதற்படியும் இரண்டாம்படியும் இங்கே இல்லை. ஒரு சொற்றொடரின் முடிவிலேயே அதன் மறுவரவு புகுந்துகொள்ளும் பாங்கினைச் சில இடங்களிற் கேட்கும்போது, ஊராரின் அந்த மூச்சுப்பிணைப்பு நினைவுக்கு வருவது உண்மை. மூன்றாம்படியை நோக்கிய பயணம் என்று இதனைச் சொல்லலாம். ஆனால், பார்ட்டோக் சொன்ன வளிமண்டலம் குடியானவரின் பாட்டிலிருந்து வந்தது. தியெர்சனின் வளிமண்டலமோ பெரிதும் பாறையிலிருந்தும் காற்றிலிருந்தும் கடலிலிருந்தும் வருகின்றது. மண் இருக்கின்றது. அம்மண்ணைக் கொத்திய கை எங்கே? இதுவே நாம் எழுப்பவேண்டிய முதன்மையான வினா.

அதற்கு விடைகாணுமுன் இன்னொரு செய்தியையும் கருதவேண்டும். இத்தட்டிலே சொல் இல்லை என்றோம். உண்மையில் ஏழு சொற்கள் உண்டு. அவை உருப்படிகளின் பெயர்கள்: கெர்லான், ஆர் மானெர் கோஸ், கெர்த்ரால், கெர் யெகு, கெர் அல் லோஹ், கெர்பெர், பூல் போஜெர். ‘கெர்’ என்பது பிரெத்தோன் மொழியில் ஊர், குடியிருப்பு, வீடு என்னும் பொருள்களைத் தரும். நமது ஊர்ப்பெயர்களிற் பாடியும் குடியும் வருவதுபோல, அந்நாட்டு ஊர்ப்பெயர்களில் அது முன்னே நிற்கும். ‘ஆர் மானெர் கோஸ்’ என்றால் பழைய மாளிகை. ‘லோஹ்’ நீர்நிலையைக் குறிக்கும். ‘பூல்’ குளத்தையோ பள்ளத்தையோ குறிக்கும். கெர்பெர் என்பது தீவின் ஒரு சிற்றூரிலுள்ள தேவாலயத்தோடு தொடர்புடைய பெயர். பிரெஞ்சு மொழியில் ஒரு சொல்லும் இல்லை.

இதன் பொருளை உணர்வதற்கு அம்மொழியின் வரலாற்றை அறிதல் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே பிரெத்தோன் பேசுவோர் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியான கணிப்பின்படி அவர்கள் தொகை ஏறத்தாழ 1,07,000. அவர்களிற் பெரும்பாலோர் முதியோர். இந்த வீழ்ச்சி இயற்கையாக நேர்ந்ததன்று. பாடசாலையிலே பிரெத்தோன் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டையோ பழைய மிதியடியையோ தொங்கவிடுவர். ‘சின்னம்’ என்பது அதன் பெயர். அதே குற்றத்தைச் செய்யும் இன்னொரு பிள்ளையைக் காட்டிக்கொடுத்தாற்றான் அது கழுத்தைவிட்டு இறங்கும். மாலையில் எவன் கழுத்திலே அது எஞ்சியதோ அவனுக்குத் தண்டனை. ஒரு மொழியை அழிக்கும் வேலையைப் பிள்ளைகளைக் கொண்டே செய்வித்த இம்முறையை ஆசிரியர்களாகிய நாம் சிறிது நின்று சிந்திக்கவேண்டும். அதனைச் செய்தவர்கள் கொடியவர்கள் அல்லர். சமத்துவத்தின் பெயராலும் அறிவொளியின் பெயராலும் குடியரசின் பெயராலும் பணியாற்றிய ஆசிரியர்களே பலர். அவர்களுட் சிலர் பிரெத்தோன் மொழி பேசிய வீடுகளிலிருந்து வந்தவர்கள். முற்போக்கு என்னும் சொல்லைக் கையாளுவோர் எல்லோருக்கும் இதிலே ஓர் எச்சரிக்கை உண்டு.

பின்னர் நிகழ்ந்தவையும் குறிப்பிடத்தக்கவை. 1977இல் மக்களின் முயற்சியினால் ‘திவான்’ என்ற பிரெத்தோன் மொழிமூலப் பாடசாலைகள் தோன்றின. 1992இல் குடியரசின் மொழி பிரெஞ்சே என்று அரசியலமைப்பிலே எழுதப்பட்டது. 2008இல் பிரதேச மொழிகள் நாட்டின் மரபுச்செல்வம் என்று இன்னொரு பிரிவு சேர்க்கப்பட்டது. மரபுச்செல்வம் என்பது மதிப்பான சொற்றான். ஆனால், அருங்காட்சியகத்துப் பொருளுக்கும் அச்சொல்லையே வழங்குகின்றோம். 2021ஆம் ஆண்டு ஏப்பிரிலில் பிரதேச மொழிகளைக் காக்கும் சட்டமொன்று பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மே மாதம் 21ஆந் திகதி, அச்சட்டத்தில் அம்மொழிகளின் மூலமாகவே எல்லாப் பாடங்களையும் கற்பிக்க இடமளித்த பகுதியை அரசியலமைப்பு மன்று அரசியலமைப்புக்கு மாறானதெனத் தள்ளியது. மூன்று மாதங்களின் பின், ஓகஸ்டில், ‘கெர்பெர்’ வெளிவந்தது. தீர்ப்புக்கு விடையாக அது இயற்றப்பட்டதென்று நாம் கூறவில்லை. உருப்படிகள் முன்னரே உருவாகிவிட்டன. ஆனால், பாடசாலையிலே ஒலிக்கத் தடைபெற்ற மொழியின் ஊர்ப்பெயர்கள் அவ்வாண்டிலேயே உலகெங்கும் உள்ள கேட்போரின் நாவில் ஏறின. ஒரு பெயரைச் சரியாகச் சொல்ல முயல்வது அப்பெயருக்குரியோரை ஏற்றுக்கொள்வதன் முதற்படி. இந்த அளவில் இத்தட்டு ஓர் அரசியற் செயலே.

இனிக் குறையைப் பேசுவோம். ஊர்ப்பெயர்கள் மொழிகள் அழிந்தபின்னும் எஞ்சுவன. ஒரு மொழியிற் கடைசியாக உயிர்விடுவது ஊர்ப்பெயரே. வெற்றிகொண்டவன்கூடத் தோற்றவன் வைத்த பெயராலேயே ஆற்றையும் மலையையும் அழைக்கின்றான். ஆகவே, பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பேச்சை விட்டுவிடும் கலை, தான் விரும்பாமலே, நினைவுக்கல் நாட்டும் கலையாகிவிடலாம். தியெர்சன் இதனை அறியாதவரல்லர். 2019ஆம் ஆண்டுத் தட்டிலே பிரெத்தோன் மொழிப் பாட்டுண்டு; குவெர்ஸ் பாடுவதில் வல்லவரான தெனெஸ் பிரிஜான் அதில் ஓர் உருப்படியிற் பாடியுள்ளார். அந்தத் தெனெஸ் பிரிஜான் 1990களின் பிற்பகுதியிலேயே புலம்பற்பாட்டையும் நவீன மின்னணுத் தாளத்தையும் இணைத்தவர். அவருடைய தட்டுகளிலே மின்னணுக் கருவிகள் சொல்லைச் சுமந்து செல்கின்றன. துயரத்துக்கு முகமுண்டு, பெயருண்டு, காரணமுண்டு. ‘கெர்பெர்’ தட்டிலோ குரல் மீண்டும் விலகிக்கொள்கின்றது. ஊர் நிற்கின்றது, ஊரார் இல்லை. தீவின் பாறையைக் கேட்கின்றோம். மெழுகுச் சிலுவையின் முன்னே விழித்திருந்த பெண்ணைக் கேட்கவில்லை.

இதற்கு மறுமொழியாக, அந்த இன்மையே இசையின் பொருள் என்று வாதிக்க இடமுண்டு. ஆயிரம் பேரும் இல்லாத தீவிலே, கதவடைத்த வீடுகளின் நடுவே, வெறுமையை ஒலிப்பதுதான் யதார்த்தம் என்பர். இவ்வாதத்தை நாம் இலேசாகத் தள்ளிவிடுவதற்கில்லை. உடல் இல்லாத இடத்திலே ஒரு சிறு உருவை வைத்து விழித்திருந்த மக்களின் வழிவந்த கலை, குரல் இல்லாத இடத்திலே பியானோவை வைத்து விழித்திருக்கின்றது என்று சொன்னால் அது வெறும் உவமையாகிவிடாது. எனினும், ஒரு வேறுபாடு உண்டு. மெழுகுச் சிலுவையின் முன்னே அமர்ந்தோருக்கு இறந்தவன் பெயர் தெரியும்; எந்தக் கப்பலிலே சென்றான் என்பதும் தெரியும். வெறுமையைக் கேட்கும் நமக்கோ அது எதனால் நேர்ந்தது என்பதை இசை தானாகச் சொல்வதில்லை. காரணம் தெரியாத துயரம் இனிமையான சோகமாக மாறிவிடுகின்றது. இனிமையான சோகம் சந்தைக்கு மிகவும் உகந்த பண்டம்.

சந்தை அதனை எப்படிக் கையாளுகின்றது என்பதை இன்று எல்லோரும் காணலாம். ‘நவசெவ்வியல்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். 1920களிலே ஸ்திராவின்ஸ்கி போன்றோர் பதினெட்டாம் நூற்றாண்டு வடிவங்களுக்கு மீண்ட போக்கினைக் குறித்த கலைச்சொல் அது. இன்று மென்மையான பியானோ இசை அனைத்துக்கும் ஒட்டப்படும் விற்பனைச் சீட்டாகிவிட்டது. இணைய இசை நிறுவனங்கள் இவ்வகை உருப்படிகளைப் படைத்தவரின் பெயரால் அல்லாமல், கேட்பவரின் மனநிலையால் வகுக்கின்றன: படிப்பதற்கு இசை, உறங்குவதற்கு இசை, அமைதிக்கு இசை. நூறு பேரின் உருப்படிகள் ஒரே நீரோட்டமாக ஓடுகின்றன. எது முடிந்தது, எது தொடங்கியது என்று கேட்பவர் அறிவதில்லை. அவ்வாறு அறியாதிருப்பதே அந்த ஏற்பாட்டின் வெற்றி. ஸ்பொட்டிஃபை நிறுவனம் 2024 முதல், ஆண்டுக்கு ஆயிரம் முறை கேட்கப்படாத உருப்படிகளுக்குப் பதிப்புரிமைப் பங்கு வழங்குவதில்லை என்று விதித்தது. பெரிய ஆறு தன்னிற் கலக்கும் சிற்றோடைக்கு விலை கொடுப்பதில்லை.

நூறாண்டுக்கு முன் நிகழ்ந்த ஒன்று இங்கே நினைவுக்கு வருகின்றது. 1920ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் பாரிசு நகரின் ஓர் ஓவியக்கூடத்திலே எரிக் சாத்தி என்ற இசைஞர் ‘தளபாட இசை’ என்ற புதுமையை நிகழ்த்தினார். நாற்காலியைப்போல, சுவர்த்தாளைப்போல, எவரும் கவனியாதிருக்கவேண்டிய இசை அது. இசை தொடங்கியவுடன் கூட்டத்தினர் பேச்சை நிறுத்தி உற்றுக் கேட்கத் தலைப்பட்டனர். பேசுங்கள், நடமாடுங்கள், கேட்காதீர்கள் என்று சாத்தி அவர்களை வேண்டவேண்டியதாயிற்று. அன்று கேட்கவேண்டாத இசையையும் மக்கள் கேட்டனர். இன்று கேட்கவேண்டிய இசையையும் கேளாதிருக்க மக்கள் பழக்கப்படுகின்றனர். நமது மாணவர் பலர் நூலைத் திறந்துவைத்துக்கொண்டு செவியிலே இத்தகைய இசையைச் செருகியிருப்பதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். அவர்களைக் குறைகூற வேண்டியதில்லை. அவர்களுக்கு அளிக்கப்பட்டது இசையன்று. அமைதி என்னும் சரக்கு.

இவ்விடர்ப்பாட்டின் கூர்மையை 2022இல் தியெர்சனே வெளியிட்ட இன்னொரு தட்டு காட்டுகின்றது. ‘கெர்பெர்’ உருப்படிகளின் ஒலித்துண்டுகளை எடுத்து மின்னணுக் கருவிகளிலிட்டு முற்றிலும் உருமாற்றிய தட்டு அது. அதன் பெயர் 11 5 18 2 5 18. உரோமன் அரிச்சுவடியிலே ‘கெர்பெர்’ என்ற பெயரின் எழுத்துகள் எத்தனையாவதாக வருகின்றனவோ அந்த எண்களே அவை. ஊர் பெயராயிற்று, பெயர் எண்ணாயிற்று. விளையாட்டாகவோ வியப்பாகவோ இதனை எடுத்துக்கொள்ளலாம். ஆனால், ஊரை எண்ணாக மாற்றுவது புள்ளிவிபர யுகத்தின் அன்றாட வழக்கம் என்பதை எண்ணும்போது, படைப்பாளி தான் அறிந்தோ அறியாமலோ தன் காலத்தின் உண்மையொன்றைத் தொட்டிருக்கின்றார் என்றே நாம் கருதுகின்றோம்.

முடிவாக நமது மதிப்பீட்டைக் கூறுவோம். ‘கெர்பெர்’ நேர்மையான படைப்பு. புகழின் மையத்திலிருந்து விளிம்புக்குத் திரும்பி, அங்கேயே கருவிகளை நிறுவி, அங்குள்ள பெயர்களை மாற்றாமல் ஒலித்தமை அதன் பெருமை. நவீன கருவியையும் நாட்டார் இசையின் மூச்சையும் பகையின்றி இணைத்தமை அதன் கலைவெற்றி. உழைத்த மக்களைக் காட்சியிலிருந்து விலக்கி நிலத்தை மட்டும் காட்டியமை அதன் எல்லை. இந்த எல்லை தியெர்சனுடையது மட்டுமன்று. அறுபதுகளிலே நம் நாட்டிலும் மண்வாசனை பற்றிப் பெரும் விவாதம் நிகழ்ந்தது. ஊர்ப்பெயரையும் பனையையும் கடலையும் எழுதிவிட்டால் மண்வாசனை வந்துவிடாது; அம்மண்ணிலே மனிதர் ஒருவரோடொருவர் கொண்டிருக்கும் உறவு எழுத்தில் வரவேண்டும் என்று அப்போது வற்புறுத்தப்பட்டது. அந்த அளவுகோல் இசைக்கும் பொருந்தும்.

ஆனால், படைப்பின் எல்லை கேட்பவனின் எல்லையாக இருக்கவேண்டுமென்ற நியதியில்லை. சொல்லற்ற இசை காரணத்தைச் சொல்லாது என்றோம். சொல்லவேண்டியவர் அருகிலே இருந்தால் அது தடையாகாது. உயர்தர வகுப்பிலே இத்தட்டின் ஓர் உருப்படியை ஒலிக்கவைத்து, அதன் பெயரைக் கரும்பலகையில் எழுதி, ‘கெர்’ என்றால் என்ன, அச்சொல்லைப் பேசியவர்கள் ஏன் குறைந்தார்கள், அவர்கள் பிள்ளைகளின் கழுத்திலே எது தொங்கியது என்று அரைமணி நேரம் பேசிவிட்டு, மீண்டும் அதே உருப்படியை ஒலிக்கவைத்தால், மாணவர் இரண்டாம்முறை கேட்பது முதன்முறை கேட்ட இசையாக இராது. சந்தை வெட்டியெறிந்த காரணத்தை இசையோடு மீண்டும் ஒட்டும் பணி அது. அப்பணிக்கு விமர்சனம் என்றும் பெயருண்டு. ஆசிரியத்தொழில் என்றும் பெயருண்டு.